இணையவழி வகுப்பில் கூட்டாகக் கருத்து வரைபடம் வரைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையவழியில் பாடம் எடுப்பவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. திரையில் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, ஆட்கள் இருக்கிறார்களா என்று தெரிவதில்லை. கேள்வி கேட்டால் மௌனம். யாராவது ஒருவர் "எஸ் சார்" என்பார், அவ்வளவுதான். நான் பார்த்தவரை இந்த மௌனத்தை நன்றாகக் கலைப்பது, மாணவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரு கருத்து வரைபடம் வரைவது. ஆசிரியர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளைப் புவியியலிலிருந்து எடுத்திருக்கிறேன், அதுதான் என் பாடம்.

கருத்து வரைபடம் என்றால் என்ன?

ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குத் தேவையான கருத்துகளைப் பெட்டிகளில் எழுதி, பெட்டிகளை அம்புக்கோடுகளால் இணைப்பதுதான். பொதுவான கருத்துகள் மேலே இருக்கும், குறிப்பானவை கீழே இறங்கும். ஆனால் உயிர்நாடி அந்தக் கோட்டின் மேல் எழுதும் சொல்லில் இருக்கிறது.

"வடகிழக்குப் பருவக்காற்று" ஒரு பெட்டி, "வங்கக் கடல்" இன்னொரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். நடுவே வெறும் கோடு போட்டால், இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. அதே கோட்டில் "ஈரம் எடுத்துக்கொள்ளும் இடம்" என்று எழுதினால் ஒரு முழுக் கூற்று கிடைத்துவிடுகிறது. அந்தக் கூற்று சரியா தப்பா என்று இன்னொருவர் கேட்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். வெறும் கோட்டை யாரும் மறுக்க முடியாது.

வரைபடத்தின் ஒரு மூலையில் இருக்கும் கருத்தை வேறொரு மூலையில் இருக்கும் கருத்தோடு சேர்க்கும் கோட்டைக் குறுக்கு இணைப்பு என்கிறோம். பாடத்தை உண்மையிலேயே புரிந்துகொண்டவர்களிடமிருந்துதான் அது வரும்.

இது மன வரைபடம்தானே? எங்களுக்குப் பழக்கம்தான்.

இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படைப்பாற்றல் கல்வி முறை வந்தபோது பாடம் படித்ததும் மன வரைபடம் வரைவது ஒரு படியாகவே இருந்தது. அந்தப் பழக்கம் உள்ள ஆசிரியர்கள் பலரும் இரண்டும் ஒன்று என்றே நினைக்கிறார்கள். மன வரைபடத்தில் நடுவில் ஒரு தலைப்பு இருக்கும், அதிலிருந்து கிளைகள் விரியும், கிளைக்கும் தலைப்புக்கும் என்ன உறவு என்று எழுத வேண்டியதில்லை. நினைவுபடுத்திக்கொள்ளவும் தொகுக்கவும் அது நல்ல வழி. கருத்து வரைபடத்தில் ஒவ்வொரு கோடும் தன் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். குழுவாகப் பேச வைப்பது நோக்கம் என்றால் இரண்டாவதுதான் வேண்டும்.

இதை யார் கொண்டுவந்தார்கள்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய ஆய்வுக் குழுவும், 1972-இல். ஒன்றாம் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒலிநாடாவோடு கூடிய அறிவியல் பாடங்களைக் கொடுத்து, அவர்கள் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். குழந்தைகளிடம் நேர்காணல் எடுத்துத் தாள் தாளாகக் குவித்தபோது, ஒரு குழந்தையின் புரிதல் எங்கே மாறியது என்று அதிலிருந்து கண்டுபிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. குழந்தை சொன்னதை எல்லாம் கருத்தும் இணைப்புமாக ஒரே தாளில் வரைந்து பார்த்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் இந்த முறை.

அதற்கு அடிப்படை டேவிட் ஆசுபெல் 1960-களில் முன்வைத்த கற்றல் கொள்கை. மாணவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான் கற்றலைத் தீர்மானிக்கும் மிகப் பெரிய காரணி, அதைக் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பியுங்கள் என்றார் அவர். நேரடி வகுப்பில் மாணவர் முகத்தைப் பார்த்து அதை ஓரளவு ஊகிக்கலாம். கேமரா அணைந்திருக்கும் வகுப்பில் அந்த வசதி இல்லை. அதனால்தான் இந்தப் பழைய முறை இணையவழிக்கு இவ்வளவு பொருந்துகிறது என்று நினைக்கிறேன். மாணவருக்கு என்ன தெரியும், எங்கே தப்பாகத் தெரியும் என்பது எழுத்தில் கண்முன் வந்துவிடுகிறது.

தனித்தனியாக வரைந்தால் போதாதா? ஏன் கூட்டாக?

தனியாக வரையும்போது தெரியாத இடத்தைத் தாண்டிப் போய்விடலாம். கோட்டில் "தொடர்புடையது" என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போகலாம், கேட்க ஆள் இல்லை. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் "எப்படித் தொடர்பு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் சில நிமிடங்களில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது.

இணையவழி வகுப்புக்கு இதில் இன்னொரு தனி நன்மை உண்டு. ஒரே குழுவில் நான்கு ஊர்க்காரர்கள் இருப்பார்கள். ஒரே ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் அது கிடைக்காது. கீழே சொல்லும் வகுப்பில் அது எவ்வளவு உதவுகிறது என்று பாருங்கள்.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும் என்று முழுதாகச் சொல்ல முடியுமா?

பருவமழைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் மையக் கேள்வி. "பருவமழை" என்று தலைப்பு மட்டும் கொடுத்தால் வகைகளை வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். "ஏன்", "எப்படி" என்று கேட்க வேண்டும். நான் கொடுப்பது: "தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, ஆனி ஆடியில் ஏன் இல்லை?"

அடுத்து கருத்துகளின் பட்டியல். இதை எல்லாரும் சேர்ந்து வரையும் இணையப் பலகையில் ஓரமாக அடுக்கி வைக்கிறேன். அரபிக் கடல், வங்கக் கடல், தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலை, மழைமறைவுப் பகுதி, காற்றழுத்தம், ஈரப்பதம், தாழ்வு மண்டலம், புயல், சோழமண்டலக் கரை, காவிரி. முதல் தடவைக்கு ஒரு டஜன் போதும். தேவையென்றால் குழு தானாகச் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாததை ஓரத்திலேயே விட்டுவிடலாம்.

பிறகு பத்து நிமிடம் தனி வேலை. புத்தகத்தை மூடிவிட்டு ஒவ்வொருவரும் தன் நோட்டில் ஒரு சிறிய வரைபடம் போட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கையில் சொந்தமாக ஒன்று இருப்பவர்தான் குழுவில் வாய் திறப்பார்.

அப்புறம் குழு அறைகளுக்கு (இணைய அழைப்புக்குள்ளேயே பிரியும் சிறு அறைகள்) அனுப்புங்கள், குழுவுக்கு மூன்று அல்லது நான்கு பேர். நேரம் 25 நிமிடம். ஒரு குழுவில் நடந்த பேச்சைச் சொல்கிறேன். "மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுக்கிறது, அதனால் கிழக்கே மழைமறைவுப் பகுதி" என்று ஒருவர் இணைப்புப் போட்டார். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. தென்காசிப் பக்கத்து மாணவர் ஒருவர், "அப்படின்னா குற்றாலச் சாரல் ஆனி ஆடியிலதானே வருது? குற்றாலம் மலைக்குக் கிழக்கேதானே இருக்கு?" என்றார். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு யாரோ வரைபடத்தைத் திறந்து செங்கோட்டைப் பக்கம் ஆரியங்காவுக் கணவாயைக் கண்டுபிடித்தார். "கணவாய்" என்று புதிய பெட்டி வந்தது. "தடுக்கிறது" என்பது "பெரும்பாலும் தடுக்கிறது" என்று மாறியது. கணவாயிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றுக்கு ஒரு கோடு போனது.

அதே குழுவில் காவிரிப் பெட்டி வெகுநேரம் அநாதையாகக் கிடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து மாணவி ஒருவர் அதை இழுத்துத் தென்மேற்குப் பருவக்காற்றோடு இணைத்தார். மற்றவர்களுக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார்: குடகுப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பெய்தால்தான் மேட்டூர் நிரம்பும், வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி அணையைத் திறப்பார்கள், அந்தத் தண்ணீரில்தான் குறுவை. சம்பாவுக்குத்தான் வடகிழக்குப் பருவமழை வந்து கைகொடுக்கும். மழை பெய்யாத காலத்து மழைதான் எங்கள் ஊர்க் குறுவையை விளைய வைக்கிறது என்று அவர் சொன்னபோது, நான் விரிவுரையில் ஒருபோதும் கொண்டுவர முடியாத ஒரு குறுக்கு இணைப்பு அந்தப் படத்தில் விழுந்தது.

கடைசிப் பத்து நிமிடம் எல்லாரும் பொது அறைக்கு வர வேண்டும். முழுப் படத்தையும் விளக்கச் சொல்லாதீர்கள், நேரம் போய்விடும். "நீங்கள் அதிகம் வாதாடிய ஒரே ஒரு கோட்டைக் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள்.

தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வரும்? கோட்டின் நடுவில் எப்படி எழுதுவது?

இதைத் தமிழில் வகுப்பெடுப்பவர்கள் எல்லாரும் சந்தித்திருப்பார்கள். "மலை → தடுக்கிறது → காற்று" என்று எழுதினால் மலை தடுக்கிறதா, காற்று தடுக்கிறதா என்று படிப்பவருக்கு ஒரு நொடி குழம்பும். வேற்றுமை உருபு விழுந்துவிடுவதால் வரும் குழப்பம் அது.

எனக்கு வழிவிட்டது நம் பேச்சிலேயே இருக்கும் ஒரு அமைப்பு. "மலை தடுப்பது தென்மேற்குக் காற்றை", "குறுவை நம்பியிருப்பது காவிரியை" என்று நாம் இயல்பாகவே பேசுகிறோம். அதனால் கோட்டில் "தடுப்பது", "நம்பியிருப்பது", "உண்டாவதற்குக் காரணம்", "வந்து சேரும் இடம்" என்று எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் பெயர் உருபு இல்லாமல் இருந்தாலும் வாசிக்கும்போது ஐ-யும் கு-வும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எழுதி முடித்ததும் வாய்விட்டு ஒரு வாக்கியமாகப் படிக்க வேண்டும் என்பது விதி. வாக்கியமாக வராத கோடு இன்னும் முடியாத கோடு.

தடை செய்ய வேண்டிய சொற்களும் சில உண்டு. "தொடர்பு", "சம்பந்தம்", "சார்ந்தது". முதல் வகுப்பிலேயே இவற்றை விலக்கிவிடுங்கள்.

எந்தக் கருவியைப் பயன்படுத்துவது?

இதற்கென்றே உருவானது சிமேப்டூல்ஸ். புளோரிடாவில் பென்சகோலா நகரில் இருக்கும் ஐஎச்எம்சி என்ற ஆய்வு நிறுவனத்தில் அல்பெர்ட்டோ கான்யாஸ் தலைமையில் உருவாக்கிய மென்பொருள், இலவசம். கோடு இழுத்ததுமே நடுவில் இணைப்புச் சொல்லுக்கு இடம் கேட்கும். அதனால் வெறும் கோடு போடும் பழக்கம் தானாகக் குறையும். பலர் ஒரே படத்தில் வேலை செய்யவும் வழி உண்டு. கணினி வைத்திருப்பவர்களுக்கு நல்ல தேர்வு.

நிறுவ முடியாதவர்கள் டிரா.ஐஓ, மிரோ போன்ற உலாவியில் ஓடும் பலகைகளைப் பார்க்கலாம். கூகுள் ஸ்லைட்ஸ்கூடப் போதும், ஒரு ஸ்லைடு ஒரு குழுவுக்கு. முன்பு பலர் பயன்படுத்திய கூகுள் ஜாம்போர்டு 2024 கடைசியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இதிலிருந்து ஒன்று கற்றுக்கொள்ளலாம்: எந்தப் பலகையில் வரைந்தாலும் முடிந்ததும் படமாகச் சேமித்து உங்கள் கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

கருவியைத் தேடி ஒரு வாரத்தைச் செலவழிக்காதீர்கள். மாணவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமானதே நல்ல கருவி.

எங்கள் மாணவர்களிடம் கைபேசி மட்டும்தான் இருக்கிறது. முடியுமா?

முடியும். சின்னத் திரையில் விரலால் அம்பு இழுப்பது எரிச்சலான வேலை, அதை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். இரண்டு வழிகள் சொல்கிறேன்.

ஒன்று, குழுவில் ஒருவர் தாளில் வரைவார், மற்றவர்கள் அழைப்பில் பேசுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அடுத்த கட்டத்துக்குத் தாள் வேறொருவரிடம் "மாறும்", அதாவது அவர் பார்த்து எழுதித் தன் தாளில் தொடர்வார். படத்தைப் பார்த்து எழுதுவதே ஒரு முறை படித்ததற்குச் சமம்.

இரண்டாவது, வரையவே வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் மூன்று நெடுவரிசைகள்: முதல் கருத்து, இணைப்புச் சொல், இரண்டாவது கருத்து. ஒவ்வொரு வரியும் ஒரு கோடு. குரல் தட்டச்சில் தமிழில் பேசியே நிரப்பலாம், டேட்டாவும் குறைவு. வகுப்பு முடிந்ததும் ஆசிரியரோ கணினி வைத்திருக்கும் ஒரு மாணவரோ அதைப் படமாக்கலாம். அழகாக இருக்காது, ஆனால் வாதாட்டம் முழுசாக நடக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

ஒருவரே எல்லாம் செய்கிறார், மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள். என்ன செய்வது?

எல்லாக் குழு வேலைக்கும் இருக்கும் நோய் இது, கருத்து வரைபடமும் விதிவிலக்கல்ல. வேகமாகத் தட்டச்சு செய்பவர் கையில் படம் போய்விடும். மற்றவர்கள் "சூப்பர்" என்று போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலும் வேலை அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, அவர்கள் இல்லாமலே முடிந்துவிடுகிறது.

அதனால் அமைப்பை மாற்றுங்கள். பன்னிரண்டு கருத்துகளை நான்கு பேருக்கு மும்மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். என் கருத்திலிருந்து உங்கள் கருத்துக்குக் கோடு போட வேண்டுமென்றால் நான் உங்களிடம் கேட்க வேண்டும், இணைப்புச் சொல்லை இருவரும் சேர்ந்து எழுத வேண்டும். இப்போது யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது. படத்தை ஒரு பார்வை பார்த்தாலே எந்த நிறம் தனியாக ஒதுங்கி நிற்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

இன்னொரு விதி: அடுத்தவர் போட்ட கோட்டை யாரும் அழிக்கக் கூடாது. ஒப்புக்கொள்ளவில்லையென்றால் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு ஒரு வரி எழுதலாம். அழிக்கும் உரிமை போட்டவருக்கு மட்டும். கூச்ச சுபாவமுள்ள மாணவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தான் எழுதியது சட்டென்று காணாமல் போனால் அவர் அடுத்த முறை எழுத மாட்டார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் வர முடியாத தொலைநிலைப் படிப்புகளில்?

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களை இரவு எட்டு மணிக்கு ஒன்றாக உட்கார வைப்பது கஷ்டம். ஒரு வாரமாக நீட்டிக்கொள்ளுங்கள். திங்கள், செவ்வாயில் ஒவ்வொருவரும் தன் கருத்துகளை வைத்து இரண்டு கோடுகள் போட வேண்டும். புதன், வியாழனில் மற்றவர் கோடுகளில் குறைந்தது இரண்டில் கேள்வி கேட்க வேண்டும். வெள்ளி, சனியில் கேள்விக்குப் பதில் சொல்லிக் கோட்டைத் திருத்தலாம், அல்லது காரணம் சொல்லி அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

நேரலையைவிட இதில் கேள்விகள் ஆழமாக வருவதைப் பார்த்திருக்கிறேன், யோசிக்க அவகாசம் இருப்பதால். பேச்சின் சூடு மட்டும் கொஞ்சம் குறையும்.

ஆசிரியர் எப்போது தலையிட வேண்டும்?

தப்பான கோட்டைப் பார்த்ததும் நமக்குக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். "வடகிழக்குப் பருவமழை பெய்வது வடகிழக்கு மாநிலங்களில்" என்று யாராவது எழுதுவார்கள். நீங்கள் திருத்தினால் ஒரு வரி மாறும், அவ்வளவுதான். "காற்றுக்கு அந்தப் பெயர் அது போகும் திசையை வைத்தா, வரும் திசையை வைத்தா?" என்று ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். திரும்பி வரும்போது அவர்களே மாற்றியிருப்பார்கள். பெரும்பாலும் பக்கத்து இரண்டு கோடுகளும் சேர்ந்து மாறியிருக்கும்.

உடனே தலையிட வேண்டிய நிலை ஒன்று உண்டு: குழு ஐந்து நிமிடமாகப் பெட்டிக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தால்.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

நோவாக்கும் பாப் கோவினும் 1984-இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. சரியான இணைப்பு ஒவ்வொன்றுக்கும் 1, முறையான படிநிலை ஒவ்வொன்றுக்கும் 5, பொருளுள்ள குறுக்கு இணைப்புக்கு 10, எடுத்துக்காட்டுக்கு 1. குறுக்கு இணைப்புக்கு அவர்கள் எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கணக்கை அப்படியே மாணவர்களிடம் அறிவித்துவிட்டால் பெட்டிகளைக் குவிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது என் அனுபவம். நான் படத்துக்குப் பாதி, தனியாள் எழுத்துக்குப் பாதி என்று பிரிக்கிறேன். படத்தில் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஐந்து கோடுகளைத் தேர்ந்தெடுத்து அவை வாக்கியமாகச் சரியா, மையக் கேள்விக்குப் பதில் சொல்கின்றனவா என்று பார்க்கிறேன். தனியாள் எழுத்தில் ஒவ்வொருவரும் குழுவில் சண்டை வந்த ஒரு கோட்டை எடுத்து, யார் என்ன சொன்னார், ஏன் இப்படி முடிந்தது என்று ஒரு பத்தி எழுத வேண்டும். குழுவில் இல்லாதவரால் அந்தப் பத்தியை எழுத முடியாது. சந்தேகம் வந்தால் படத்தின் திருத்த வரலாற்றைத் திறந்து பாருங்கள்.

உண்மையிலேயே பலன் இருக்கிறதா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஷ்ரோடர், நெஸ்பிட் முதலானோரின் 2018 கட்டுரை, மொத்தம் 11,814 பேரை உள்ளடக்கிய ஒப்பீடுகளை ஆராய்ந்தது. கருத்து வரைபடம் சராசரியாக நல்ல பலன் தருகிறது, அதிலும் பிறர் வரைந்ததைப் படிப்பதைவிடத் தானே வரைவது கூடுதல் பலன் தருகிறது என்பது அதன் முடிவு. ஆசிரியர் அழகாக வரைந்து பிடிஎஃப் ஆக அனுப்புவது எதனால் பெரிதாக உதவுவதில்லை என்பதற்கு இது பதில்.

எதிர்த்தரப்பும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2011-இல் சயின்ஸ் இதழில் கார்ப்பிக்கும் பிளண்ட்டும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரைந்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். கருத்து வரைபடத்தை விரும்புகிறவர்களுக்குக் கசப்பான முடிவு. ஆனால் அதே இருவரும் 2014-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்தே வரைபடம் வரைந்தால் அதுவும் நல்ல பயிற்சியாகிறது என்று காட்டினார்கள். அதனால்தான் மேலே "புத்தகத்தை மூடிவிட்டு" என்று சொன்னேன். அதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை.

அந்த ஆய்வுகள் தனியாளின் கற்றலைச் சோதித்தவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குற்றாலச் சாரலைக் காட்டி ஒருவர் பாடப்புத்தக வாக்கியத்தைத் திருத்துவது அந்தத் தேர்வில் அளக்கப்பட்ட விஷயம் அல்ல.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் வரைந்து தருகிறதே?

தரும். சாட்ஜிபிடியிடம் பருவமழைக்கு ஒரு கருத்து வரைபடம் கேட்டால் பார்வைக்கு ஒழுங்காகவே ஒன்று வரும். அதைத் தடை செய்து பிடித்துக்கொண்டிருப்பதைவிட, அதையே வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். "இதில் மிகப் பலவீனமான மூன்று கோடுகளைக் கண்டுபிடித்துத் திருத்துங்கள், உங்கள் ஊரிலிருந்து ஒரு குறுக்கு இணைப்பையாவது சேருங்கள்" என்று கொடுங்கள். பொதுவான வாக்கியங்களைக் குறை கண்டுபிடிக்க மாணவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் வரைபடத்தை மட்டும் அவர்களே, கையால், புத்தகமும் கைபேசியும் இல்லாமல் போடட்டும்.

எல்லாப் பாடத்துக்கும் பொருந்துமா?

பொருந்தாது. கணக்குப் போட்டுப் பழக வேண்டிய இடத்தில், நிரல் எழுதிப் பார்க்க வேண்டிய இடத்தில், கவிதையை முதல்முறை வாய்விட்டு வாசிக்க வேண்டிய இடத்தில் இது குறுக்கே நிற்கும். காரணமும் விளைவும் பின்னிக் கிடக்கும் பாடங்களில்தான் இதன் பலம்: உயிரியல், பொருளாதாரம், வரலாறு, சுற்றுச்சூழல், செவிலியர் படிப்பில் நோய்க்கும் மருந்துக்கும் பராமரிப்புக்கும் உள்ள உறவு.

எத்தனை வகுப்புக்கு ஒரு முறை செய்யலாம்?

பெரிய அலகு ஒன்றுக்கு ஒரு முறை. வாரா வாரம் செய்தால் சடங்காகிவிடும்.

வரைந்து முடித்த படங்களை என்ன செய்வது?

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அலகின் தொடக்கத்தில் வரைந்ததை முடிவில் அதே குழுவிடம் திருப்பிக் கொடுங்கள், வேறு நிறத்தில் திருத்தச் சொல்லுங்கள். எந்தக் கோடு அழிந்தது, எது புதிதாக வந்தது என்று படத்திலேயே தெரியும். தேர்வுக்கு முன் குழுக்களின் படங்களை மாற்றிக் கொடுத்தும் பார்க்கலாம். ஒரு குழு வரைந்ததை இன்னொரு குழு வாக்கியம் வாக்கியமாக வாய்விட்டுப் படித்து, புரியாத இடத்தில் கேள்விக்குறி போட வேண்டும். பருவமழைப் படங்களை நான் அடுத்த ஆண்டு மாணவர்களுக்கும் காட்டுவதுண்டு, ஆனால் அவர்கள் தங்கள் படத்தை வரைந்து முடித்த பிறகுதான்.